தருமசாலைக்கு நிதி திரட்டப் போகிறவர்களுக்கு

பசித்தவர்களுக்கு இலவசமாகச் சோறு போடும் ஒரு தருமசாலைக்கு நிதி திரட்டும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்திருக்கிறதா? முதல் இரண்டு வாரம் யாரிடமும் காசு கேட்காதீர்கள். அடுப்படியில் போய் நில்லுங்கள். அரிசி எவ்வளவு போடுகிறார்கள், ஒரு சிலிண்டர் எத்தனை நாளைக்கு வருகிறது, எந்தக் கிழமையில் கூட்டம் கூடுகிறது, கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள் யார் என்று கண்ணால் பாருங்கள். பரிமாறுங்கள். இலை எடுங்கள். பிறகு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கும்போது நோட்டீஸில் அச்சடித்ததை ஒப்பிக்க வேண்டியிருக்காது. பார்த்ததைச் சொன்னாலே போதும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். இப்போது காங்கேயம் பக்கம் வள்ளலார் வழியில் நடக்கும் சிறிய தருமசாலை ஒன்றுக்கு நிதிப் பொறுப்பு பார்க்கிறேன். மதியம் 150 பேர் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்டதால் தனியாக இருக்கும் பெரியவர்கள், அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள், வேலை நின்றுபோன வடநாட்டுப் பையன்கள், பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்கள். யார், எந்த ஊர், என்ன சாதி, எந்தச் சாமி என்று எங்கள் வாசலில் யாரும் கேட்பதில்லை. கொங்கு நாட்டில் இப்படித் தருமசாலை நடத்தும், வள்ளலாரைப் பின்பற்றும் சன்மார்க்க சங்கங்கள் பல இருக்கின்றன. அவற்றில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சர்ச்சோ பள்ளிவாசலோ நடத்தும் உணவுப் பணிக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அடுப்படியில் நின்ற பிறகு செய்ய வேண்டியது ஒரு நாள் கணக்கு. எங்களுக்கு ஒரு மதியத்துக்கு அரிசி 18 கிலோ, துவரம்பருப்பு 4 கிலோ, காய், எண்ணெய், மோர், இலை, காஸ், சமைக்கும் இரண்டு அம்மாக்களின் கூலி எல்லாம் சேர்த்து 5,250 ரூபாய் ஆகிறது. ஆளுக்கு 35 ரூபாய். கூலியையும் வாடகையையும் விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் தொகை சின்னதாகத் தெரியும், ஆனால் மாசக் கடைசியில் கையைக் கடிக்கும். அரிசி விலை விசாரிக்கும்போது சிப்பம் (மூட்டை) 25 கிலோவா 26 கிலோவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்த பிறகு ஆலைக்காரர்கள் 26 கிலோவாகக் கட்ட ஆரம்பித்தார்கள். சிப்ப விலையை மட்டும் வைத்து இரண்டு ஆலையை ஒப்பிட்டால் கணக்கு தப்பும். கிலோ விலைக்கு வந்து பாருங்கள்.

இந்த ஒரு நாள் தொகைதான் உங்கள் கையிலிருக்கும் முக்கியமான கருவி. "சாலைக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள்" என்று கேட்டால் கொடுப்பவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம். எவ்வளவு கொடுத்தால் மரியாதை என்று அவருக்குத் தெரியாது. 500 ரூபாயை நீட்டி அனுப்பிவிடுவார். ஒரு நாளைக் கேளுங்கள். தேதியோடு கேளுங்கள்.

இதற்காக ஒரு பெரிய தினசரி காலண்டர் வாங்கித் தருமசாலைச் சுவரில் மாட்டி, எடுத்துக்கொண்டவர் பெயரை அந்தந்தத் தேதியில் எழுதுங்கள். சில நாட்கள் தானாக நிரம்பும். அமாவாசைகள், அதிலும் ஆடி, தை, மகாளய அமாவாசைகள். தைப்பூசம். புரட்டாசிச் சனிக்கிழமை. தைப்பூச சமயத்தில் பழனிக்கு நடக்கிறவர்களுக்காகச் சாலையோரம் பந்தல் பந்தலாக அன்னதானம் நடக்கும். அன்றைக்கு நம் ஊரில் பசித்தவனைத் தேட வேண்டியிருக்கும். தீபாவளி முடிந்து பத்து நாள் கழித்து வரும் ஒரு புதன்கிழமைக்குத்தான் ஆள் கிடைக்காது. போனஸ் கொடுத்த கம்பெனியிலும் காசு இருக்காது, வாங்கியவர் கையிலும் இருக்காது. ஜூன் மாதம் ஸ்கூல் ஃபீஸ். நிதிப் பொறுப்பாளரின் வேலை அந்தப் புதன்கிழமைகளை நிரப்புவதுதான்.

அதற்கு வழி, வீட்டுச் சொந்த நாட்களைக் கேட்டு வாங்குவது. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு திதி உண்டு, ஒரு கல்யாண நாள் உண்டு, பேரனின் பிறந்தநாள் உண்டு. அவை எல்லாக் கிழமையிலும் வரும். "அப்புச்சி (தாத்தா) தவறுன நாள் எதுங்க?" என்று கேட்டால் யாரும் சங்கடப்படுவதில்லை. பெரியவரைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசுவார்கள். அந்தப் பேச்சைக் கேட்க உங்களுக்குப் பொறுமை வேண்டும். பேசி முடித்ததும் பெரும்பாலும் அவர்களே தேதியை எழுதச் சொல்வார்கள். ஒன்று கவனியுங்கள்: திதி வருடத்துக்கு வருடம் இங்கிலீஷ் தேதியில் மாறும். எனவே சித்திரையில் புதுப் பஞ்சாங்கம் வாங்கியதும் எல்லாத் திதிகளையும் மறுபடி தேதியாக்கி எழுதி, வீட்டுக்காரருக்கு ஒரு வாரம் முன்னதாக நீங்களே போன் போட்டுச் சொல்லுங்கள். தங்கள் வீட்டு நாளை இன்னொருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்பதை அவர்கள் மறக்க மாட்டார்கள்.

கேட்கப் போகும் நேரம் பார்த்துப் போக வேண்டும். பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் சனிக்கிழமை வாரச் சம்பளம். வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்தே ஓனர் சம்பளப் பணத்துக்கு அலைந்துகொண்டிருப்பார். அப்போது போய் நிற்காதீர்கள். செவ்வாய், புதன் காலை நல்லது. தோப்புக்காரர் வீட்டுக்குத் தேங்காய் பறித்துப் போட்ட பிறகு போங்கள், தென்னையில் அது ஒன்றரை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். மஞ்சள் போட்டவர் ஈரோட்டு மார்க்கெட்டில் விற்று வந்த பிறகு கேளுங்கள். விலை படுத்திருந்தால் அந்த வருடம் கேட்கவே வேண்டாம், சும்மா பார்த்து விசாரித்துவிட்டு வாருங்கள்.

இரண்டு பேராகப் போங்கள். ஒருவர் அந்த வீட்டுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். தண்ணீரோ காபியோ கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். நான் கேட்பது ஏறக்குறைய இப்படித்தான்:

"ஏனுங்கண்ணா, ஆவணியில ரெண்டு நாள் இன்னும் காலியா இருக்குதுங்க. பன்னெண்டாந் தேதி ஒண்ணு, இருவதாந் தேதி ஒண்ணு. ஒரு நாளைக்கு அஞ்சாயிரத்து எரநூத்தம்பது ஆகுதுங்க. ஒரு நாள் நீங்க எடுத்துக்கறீங்களா?"

இதோடு நிறுத்திவிடுங்கள். பதில் வரும்வரை பேசாதீர்கள். நாமே அவசரப்பட்டு "இல்லீன்னா பாதி நாள் கூடப் பரவால்லீங்க" என்று இறங்குவது அவருக்கு யோசிக்க இடம் கொடுக்காமல் செய்துவிடும். அவர் "இந்த வருசம் முடியாதுங்க அம்மிணி" என்றால் சரி, அது முழு பதில். காரணம் கேட்காதீர்கள். "ஒரு நா வந்து சாப்பிட்டுப் போங்கண்ணா" என்று கூப்பிட்டுவிட்டு எழுந்திருங்கள். வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் பின்னால் தாங்களாகக் கூப்பிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது ஒரு பெரிய முதலாளியை. மொத்தச் செலவையும் ஒருவரே ஏற்றுக்கொண்டால் நிம்மதி என்று தோன்றும். வேண்டாம். இந்தப் பகுதியில் தொழில் எப்படிக் கவிழும் என்று நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டதும் ஆர்டர்கள் நின்றன. அப்படி ஒரு மாதத்தில், ஒரே ஆளை நம்பிய சாலையில் உலை வைக்க முடியாது. அந்த மாதத்தில்தான் வேலை இழந்தவர்கள் கூடுதலாகப் பந்திக்கு வருவார்கள். அதனால் எங்கள் சாலையில் ஒரு வீட்டுக்கு வருடத்தில் 30 நாளுக்கு மேல் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கிறோம். கூடுதலாகக் கொடுக்க விரும்பும் பெரியவர்களிடம் பாத்திரம், கொட்டகை, தண்ணீர்த் தொட்டி மாதிரி ஒருமுறைச் செலவுகளைக் கேட்கலாம்.

சின்னத் தொகைக்கு உரிய இடத்தைக் கொடுங்கள். ஒரு கம்பெனியில் பவர் டேபிள் தையலிலும் செக்கிங்கிலும் வேலை பார்க்கும் பெண்கள் 150 பேர் ஆளுக்கு 35 ரூபாய் போட்டு ஒரு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். காலண்டரில் அவர்கள் நாளும் மில் முதலாளியின் நாளும் ஒரே அளவு எழுத்தில்தான் இருக்கும். வடலூரில் 1867இல் வள்ளலார் தருமசாலை தொடங்கியதும் அப்படித்தான். பார்வதிபுரம் ஊர்மக்கள் சேர்ந்து எழுதிக்கொடுத்த நிலத்தில் அது எழுந்தது. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

அடுத்து ரசீது, கணக்கு. இதில் சுருக்கமாக இருக்கிறேன், ஆனால் ஒன்றையும் தள்ளிப்போடாதீர்கள். பணம் டிரஸ்ட் கணக்குக்கு மட்டுமே வர வேண்டும். க்யூஆர் அட்டை டிரஸ்ட் பெயரில் இருக்கட்டும், பொறுப்பாளரின் சொந்த ஜிபே எண்ணை எந்த அவசரத்துக்கும் கொடுக்காதீர்கள். காசோலையில் இரண்டு கையெழுத்து. கொடுப்பவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்க டிரஸ்டுக்கு 80ஜி பதிவு வேண்டும். 2026 ஏப்ரலில் புதிய சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன, ஆனாலும் ஊரில் எல்லோரும் 80ஜி என்றுதான் கேட்கிறார்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. அரிசி, பருப்பு, தேங்காய் மாதிரிப் பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பான் எண்ணும் முகவரியும் பணம் வாங்கும் அன்றே எழுதி வாங்குங்கள். நிதியாண்டு முடிந்து மே 31க்குள் கொடையாளர் பட்டியலைத் தாக்கல் செய்ய வேண்டும், அப்போது போய்த் தேடினால் கிடைக்காது.

சமயம் சார்ந்த அமைப்புகளுக்கு இன்னொன்று. 80ஜி பதிவு வைத்திருக்கும் டிரஸ்ட், வருமானத்தில் 5 சதவீதத்துக்கு மேல் சமயக் காரியங்களுக்குச் செலவழிக்கக் கூடாது. பூச விழா, ஜோதி வழிபாடு, பாராயணம் இவற்றின் செலவைத் தனி நோட்டில் எழுதுங்கள். உண்டியல் வைத்திருந்தால் அதுவும் கவனம். பெயர் தெரியாமல் விழும் பணம் வருடத்தில் 1 லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 30 சதவீத வரி உண்டு.

அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் கொடுக்க முன்வருவார்கள். கையில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் அவர்கள் சொந்தப் பணத்தை வங்கி வழியாக வாங்கலாம். அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. அவர் தைப் பொங்கலுக்கு ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாகக் கொடுத்தாலும் அதேதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படியான எப்சிஆர்ஏ பதிவு இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது. அப்பா கணக்கில் போட்டு அங்கிருந்து தரச் சொல்வது போன்ற சுற்றுவழிக்கும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஊருக்கு வரும்போது குடும்பத்தோடு பரிமாற வரச் சொல்லுங்கள், அதற்குத் தடை எதுவுமில்லை.

எந்தப் பணத்தை வாங்க மாட்டோம் என்பதைப் பணம் வருவதற்கு முன்பே குழு உட்கார்ந்து முடிவெடுத்து எழுதி வைக்க வேண்டும். எங்களுக்கு இது லேசான கேள்வி இல்லை. பல்லடத்திலிருந்து நாமக்கல் வரை கோழிப்பண்ணைகள், சன்மார்க்கமோ புலால் மறுக்கும் வழி. பண்ணைக்காரர் தன் அம்மாவின் நினைவு நாளுக்கு ஒரு நாள் சோறு போட விரும்பினால் என்ன சொல்வது? நாங்கள் நெடுநேரம் பேசி, மனிதரின் கையிலிருந்து வாங்குவோம், பண்ணையின் பெயரைப் பலகையில் போட மாட்டோம் என்று முடிவு செய்தோம். வேறு சங்கங்கள் முழுவதுமாக மறுக்கின்றன. அதுவும் சரியான முடிவுதான். வாசலில் வந்து நிற்பவரைப் பார்த்து அந்த நேரத்தில் முடிவெடுப்பதுதான் கூடாது, அவர் மனம் நொந்து போவார். தேர்தல் அறிவித்த பிறகு எந்தக் கட்சிக்காரரிடமும் வாங்குவதில்லை என்பதையும் அதே தாளில் எழுதி வைத்திருக்கிறோம்.

படம் எடுப்பது பற்றி எனக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. சாப்பிடுகிறவர் முகத்தைப் படம் பிடிக்கக் கூடாது. கொடுத்தவர் தட்டை நீட்ட, வாங்குபவர் கை நீட்ட, அதை வாட்ஸ்அப்பில் போடுவது அந்தப் பெரியவரைச் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிய வைக்கும். ஒரு காலத்தில் தோட்டம் வைத்துப் பத்துப் பேருக்குச் சோறு போட்டவர்கள் எங்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். கொடையாளருக்குப் படம் அனுப்பத்தான் வேண்டும், மறுக்க முடியாது. பொங்கும் அண்டா, வரிசையாகப் போட்ட இலை, பரிமாறும் அவர் குடும்பம் இவற்றை எடுத்து அன்று மாலைக்குள் அனுப்புங்கள். கூடவே இரண்டு வரி: இன்று இத்தனை பேர் சாப்பிட்டார்கள், இன்ன குழம்பு, இன்ன பொரியல். இதை ஒரு நாளும் விடாதீர்கள். அடுத்த வருடம் அதே தேதியை அவர் மறுபடி எடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டு வரியால்தான்.

பொருளாகக் கொண்டுவருபவர்களையும் மரியாதையாக நடத்துங்கள். முருங்கைக்காய், வாழையிலை, கறந்த பாலில் தோய்த்த தயிர் என்று வரும். வாங்கியதும் எடை போட்டு நோட்டில் எழுதி, ஒரு சீட்டுக் கொடுங்கள். தேவைக்கு மேல் வந்தால் "அடுத்த வாரம் கொண்டாங்க" என்று நேரடியாகச் சொல்லலாம், யாரும் கோபிப்பதில்லை. வீட்டில் சமைத்து மீந்ததை மட்டும் வாங்காதீர்கள். கல்யாண மண்டபத்திலிருந்து போன் வந்தாலும், சமைத்து எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்டுவிட்டே பதில் சொல்லுங்கள்.

கடைசியாக, இந்த வேலையை உங்களோடு இன்னொருவர் ஆரம்பத்திலிருந்தே கற்றுக்கொள்ளட்டும், முடிந்தால் முப்பது வயதுக்குள் இருப்பவர். வீடுகளுக்கு அவரையும் கூட்டிப் போங்கள். குடும்பப் பெயர், போன் எண், திதி, கடைசியாக எப்போது பேசினோம், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் உங்கள் போனில் மட்டும் இருந்தால் நீங்கள் படுத்த அன்று சாலையும் படுக்கும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, டிரஸ்ட் பீரோவில் வையுங்கள். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும்.