நாய்க்கும் பூனைக்கும் குரோஷா பின்னும்போது தவிர்க்க வேண்டியவை

குமுளியிலும் கம்பத்திலும் குரோஷா ஊசி பிடிக்கத் தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. டிவிக்கு உறை, பேத்திக்குத் தொப்பி என்று பின்னிய கைகள் இப்போது வீட்டு நாய் பூனை பக்கமும் திரும்பியிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் பிள்ளைக்குப் பின்னுகிற மாதிரியே அதற்கும் பின்னிவிடுகிறோம், சிக்கல் அங்கேதான். பொம்மை அழகாக இருக்கிறதா என்று நாம் பார்க்கிறோம்; எந்த இடத்தில் பிய்க்கலாம் என்று அது பார்க்கிறது.

பெரும்பாலும் முதலில் போவது கண். பின்னால் வாஷர் மாட்டும் பிளாஸ்டிக் கண்ணை 'சேஃப்டி ஐ' என்று விற்கிறார்கள். நாய்ப் பல்லுக்கு அதில் எந்த சேஃப்டியும் கிடையாது. சுற்றியிருக்கும் பின்னலோடு சேர்த்துப் பிடுங்கி விழுங்கிவிடும். கறுப்பு நூலால் தைத்த கண் போதும். பட்டன், பாசி, சலங்கை எதுவும் வேண்டாம்.

பூனைக்குப் பின்னுகிறவர்கள் நூல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். மீனுக்கு வால் மாதிரி ஒரு குஞ்சம், எலிக்கு நீளமாக ஒரு சங்கிலிப் பின்னல் வைத்தால் பூனை துள்ளி விளையாடும், உண்மை. ஆனால் பூனை நாக்கிலுள்ள முட்கள் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலை அதனால் எளிதில் துப்ப முடியாது, உள்ளேதான் போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டு மறு முனை குடலுக்குள் இறங்கினால், நாடாவை இழுத்த சுருக்குப்பை மாதிரி குடல் மடிந்து சுருங்கும். நூல் குடலை அறுத்துவிடவும் கூடும். பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்கவே கூடாது, நேராக மருத்துவரிடம் போக வேண்டும். குச்சியில் கட்டி ஆட்டும் பொம்மை விளையாடி முடித்ததும் பீரோவுக்குள் போகட்டும். பாதி பின்னிய நூல்கண்டும் அப்படியே. கட்டிலில் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகாதீர்கள்.

நூலை ஒரு வளையமாகச் சுற்றி அதிலிருந்து பின்னத் தொடங்கும் மேஜிக் ரிங்கில் ஆரம்பிக்கும்போது மிஞ்சும் வால் நூலை ஒட்ட வெட்டுவதும் இதே வகைத் தப்பு. ஒரு விரற்கடை விட்டு வெட்டிய நூல் நாலு கடியில் அவிழ்ந்துவிடும். ஒரு சாண் விட்டு, தையல் ஊசியில் கோத்து, ஒரு திசையில் ஓட்டி, எதிர்த் திசையில் திருப்பியும் ஓட்டி, அப்புறம் வெட்டுங்கள்.

பொம்மைக்குள் அடைக்க போடி பக்கத்து இலவம் பஞ்சு கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறது. தலையணைக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் துவைக்க வேண்டிய பொம்மைக்கு ஆகாது, நனைந்தால் கட்டி தட்டிப் போகும். பாலியஸ்டர் பஞ்சு துவைக்கத் தாங்கும். எந்தப் பஞ்சானாலும் பின்னல் இறுக்கமாக இருக்க வேண்டும்: நூல் லேபிளில் 4 மி.மீ. ஊசி என்றிருந்தால் 3 அல்லது 2.5 எடுங்கள். பின்னியதை இழுத்துப் பாருங்கள், பஞ்சு வெள்ளையாக எட்டிப் பார்த்தால் பிரித்துவிட்டு மறுபடி பின்னுவதே மேல். பந்தின் அளவும் முக்கியம். எலுமிச்சை அளவுப் பந்து பெரிய நாயின் தொண்டையில் போய் அடைக்கும். பின்னிய பந்து அமுங்கும் என்பதால் கண்ணுக்குத் தெரிவதைவிடப் பெரிதாகவே பின்ன வேண்டும். கோம்பை நாய் மாதிரி தாடை பலமுள்ளது, அதுவும் எதையும் கடித்துக் குதறும் பழக்கமுள்ளது என்றால், குரோஷா பொம்மையே வேண்டாம், விரிப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

விரிப்பில் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். கம்பத்தில் சித்திரை வெயிலுக்கு உல்லன் நூலில் தடியாகப் பின்னிப் போட்டால் நாய் அதைத் தாண்டிப் போய் வெறும் சிமெண்ட் தரையில் படுக்கும். அங்கே காட்டன் போதும். மேலே குமுளியில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் காட்டன் விரிப்பு காயவே காயாது, வாடை வந்துவிடும். அக்ரிலிக் நூல் தண்ணீரை அதிகம் பிடிக்காது, சீக்கிரம் உலரும். ஆசைக்கு ஒரே பெரிய விரிப்பாகப் பின்னாமல், ஒரு வாளியில் முக்கி எடுக்கிற அளவில் இரண்டு பின்னினால் ஒன்று கொடியில் கிடக்கும்போது இன்னொன்று உதவும். பூ வைத்த ஓட்டைப் பின்னல் போட்டோவுக்கு அழகு, நகம் மாட்டினால் விரலே சுளுக்கிக்கொள்ளும். இடைவெளி இல்லாத சிங்கிள் குரோஷாவே நல்லது. ஓரத்தில் குஞ்சம் ஏன் கூடாது என்று மறுபடி சொல்லத் தேவையில்லை.

துவைக்க சாதா சோப்புத்தூள் போட்டு நன்றாக அலசினால் போதும். வாசனைக்கென்று பினாயிலோ டெட்டாலோ ஊற்ற வேண்டாம், பூனைக்கு அவை விஷம். விரிப்பை மழைக்காலம் முடிந்து மடித்து வைக்கும்போது நடுவில் பாச்சை உருண்டை போடும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. அந்த நாப்தலின் நாய், பூனை இரண்டுக்குமே கேடு. விரிப்பில் மறந்துபோன உருண்டையை நாய்க்குட்டி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. வெயிலில் நன்றாகக் காயவைத்துத் துணிப்பையில் கட்டி வைத்தாலே போதும்.