ஐபிஎம்ஐ இயக்கியும் பிஎம்சியும்: கேசிஎஸ் வழித் தொடர்பைப் படிப்படியாகச் சோதிக்கும் முறை

பெரும்பாலான சர்வர்களின் பலகையில் முதன்மைச் செயலியைச் சாராமல் இன்னொரு சிறு கணினி இயங்கிக்கொண்டிருக்கிறது. விசிறிகளின் வேகம், மின்னழுத்தம், வெப்பநிலை ஆகியவற்றைக் கண்காணிப்பதும், சர்வர் அணைந்திருக்கும்போதுகூட விழித்திருப்பதும் அதன் வேலை. பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர் என்பதைச் சுருக்கி அதனைப் பிஎம்சி என்கிறோம். சென்சார் விவரம் வரவில்லை என்றவுடன் பிஎம்சியை மீள்தொடக்கம் செய்துவிடுவது நிர்வாகிகளிடையே பரவலான பழக்கம். அதனால் சில நேரங்களில் கோளாறு மறைந்துவிடும். அதன் காரணமும் அத்துடன் மறைந்துவிடும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கும் பிஎம்சிக்கும் இடையிலான உரையாடல் எந்தப் படியில் அறுந்தது என்பதை மீள்தொடக்கத்துக்கு முன்பே கண்டுபிடிப்பதற்கான முறையை இங்கே விளக்குகிறேன்.

இந்த உரையாடலின் விதிகளை வகுத்தது ஐபிஎம்ஐ (இன்டெலிஜென்ட் பிளாட்ஃபார்ம் மேனேஜ்மென்ட் இன்டர்ஃபேஸ்) என்னும் நெறிமுறை. இன்டெல், டெல், எச்பி, என்இசி ஆகிய நிறுவனங்கள் இணைந்து 1998ஆம் ஆண்டு அதனை வெளியிட்டன. இன்றும் புழக்கத்திலுள்ள 2.0 பதிப்பு 2004இல் வந்தது. சர்வரின் உள்ளிருந்தே பிஎம்சியை அணுகுவதற்குக் கேசிஎஸ், எஸ்எம்ஐசி, பிடி, எஸ்எஸ்ஐஎஃப் என நான்கு இடைமுகங்களை அது வரையறுக்கிறது. எக்ஸ்86 சர்வர்களில் பெரும்பாலும் எதிர்ப்படுவது கேசிஎஸ். ஆகவே அதனையே விரிவாகப் பார்ப்போம். பழைய விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லின் பதிவக (தரவு வைக்கும் சிறு இடமான ரெஜிஸ்டர்) அமைப்பைப் பின்பற்றியதால் கீபோர்டு கன்ட்ரோலர் ஸ்டைல் என்னும் அந்தப் பெயர் வந்தது. இக்கட்டுரையில் பதினாறடிமான எண்களுக்கு முன்னால் 0எக்ஸ் என்று இட்டிருக்கிறேன்.

முதல் வேலை, இடைமுகம் எந்த முகவரியில் இருக்கிறது என்று உறுதி செய்துகொள்வது. சர்வரின் தொடக்க மென்பொருளான பயாஸ், வன்பொருளை விவரித்துத் தரும் எஸ்எம்பயாஸ் அட்டவணையில் 38ஆம் வகைப் பதிவு இதற்கென்றே உள்ளது. டிஎம்ஐடிகோட் கட்டளைக்கு வகை எண்ணாக 38ஐக் கொடுத்தால், இடைமுகத்தின் வகை, நெறிமுறைப் பதிப்பு, அடிப்படை முகவரி, பதிவகங்களுக்கு இடையிலான தொலைவு ஆகியவை வரும். கேசிஎஸ் இடைமுகத்துக்கு வழக்கமான முகவரி 0எக்ஸ்சிஏ2, அதாவது 3234. தரவுப் பதிவகம் அங்கே இருக்கும்; நிலையைப் படிப்பதற்கும் கட்டளை எழுதுவதற்குமான பதிவகம் அதற்கு அடுத்த முகவரியில், 0எக்ஸ்சிஏ3இல், இருக்கும். சில பலகைகளில் இரண்டுக்கும் இடையே 4 அல்லது 16 பைட் தொலைவு விட்டிருப்பார்கள். அட்டவணையில் அந்தத் தொலைவு தவறாகப் பதிவாகியிருந்தால், லினக்ஸின் இயக்கி (வன்பொருளுடன் பேசும் டிரைவர் நிரல்) வெற்று முகவரியைப் படித்துவிட்டுப் பிஎம்சியே இல்லை என்று முடிவு செய்துவிடும். வன்பொருளை இயங்குதளத்துக்கு விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணைகளும் இதே தகவலைத் தருவதால், இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

முகவரி தெரிந்த பிறகு நிலைப் பதிவகத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனெனில் மொத்த உரையாடலும் அந்த ஒரு பைட்டைச் சுற்றித்தான் நடக்கிறது. அதன் கடைசி பிட்டான ஓபிஎஃப் எழுந்திருந்தால் (அதாவது 1 ஆக இருந்தால்), பிஎம்சி ஒரு பைட்டை வைத்துவிட்டு நாம் எடுப்பதற்காகக் காத்திருக்கிறது என்று பொருள். அதற்கு முந்தைய பிட்டான ஐபிஎஃப் எழுந்திருந்தால், நாம் எழுதிய பைட்டைப் பிஎம்சி இன்னும் எடுக்கவில்லை. மூன்றாவதான எஸ்எம்எஸ் ஏடிஎன் பிட், பிஎம்சியிடம் நமக்கென ஒரு செய்தி இருப்பதை அறிவிக்கிறது. உயர்முனையிலுள்ள இரண்டு பிட்டுகள் உரையாடலின் கட்டத்தைச் சொல்கின்றன: 00 எனில் ஓய்வு, 01 எனில் வாசிப்பு, 10 எனில் எழுத்து, 11 எனில் பிழை. பைட் முழுவதும் 0எக்ஸ்எஃப்எஃப் என்று வந்தால் அந்த முகவரியில் பதிலளிக்க எவருமில்லை. சரியாக இயங்கும் பிஎம்சி அப்படியொரு மதிப்பைத் தருவதற்கில்லை என்பதால், லினக்ஸ் இயக்கியும் இதைக் கொண்டே இடைமுகம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்கிறது.

இனி ஒரு முழுப் பரிமாற்றத்தைப் பார்ப்போம். பிஎம்சியின் அடையாளத்தைக் கேட்கும் கட்டளைக்கு இரண்டே பைட்டுகள்தான்: செயல்வகையைக் குறிக்கும் 0எக்ஸ்18, கட்டளை எண்ணான 0எக்ஸ்01. செயல்வகை எண் 6ஐ இரண்டு பிட் இடப்பக்கம் நகர்த்தினால் 0எக்ஸ்18 கிடைக்கிறது. நகர்த்தியதால் காலியான இரண்டு பிட்டுகளில் துணை முகவரி அமர்கிறது. ஐபிஎஃப் இறங்கியிருப்பதைப் பார்த்தபின், கட்டளைப் பதிவகத்தில் எழுத்துத் தொடக்கக் குறியான 0எக்ஸ்61ஐ எழுத வேண்டும். ஐபிஎஃப் மறுபடி இறங்கி, நிலை எழுத்துக் கட்டத்துக்கு மாறியதும், தரவுப் பதிவகத்தில் 0எக்ஸ்18. பிறகு கட்டளைப் பதிவகத்தில் எழுத்து முடிவுக் குறியான 0எக்ஸ்62. இறுதியாகத் தரவுப் பதிவகத்தில் 0எக்ஸ்01. முடிவுக் குறி கடைசி பைட்டுக்குப் பின்னால் வருவதன்று, அதற்கு முன்னால் வருவது. புதிதாக இயக்கி எழுதுவோர் தடுமாறும் இடம் இதுதான். ஒவ்வொரு எழுத்துக்கும் இடையே ஐபிஎஃப் இறங்கும் வரை காத்திருப்பதும், எழுத்துக் கட்டத்தில் ஓபிஎஃப் எழுந்திருந்தால் தரவுப் பதிவகத்தை ஒருமுறை படித்து அதனை இறக்கிவிடுவதும் கட்டாயம்.

கடைசி பைட் சென்றதும் நிலை வாசிப்புக் கட்டத்துக்கு மாறும். அப்போது ஓபிஎஃப் எழுவதற்காகக் காத்திருந்து ஒரு பைட்டைப் படிக்க வேண்டும். படித்ததற்கு ஒப்புதலாகத் தரவுப் பதிவகத்தில் 0எக்ஸ்68ஐ எழுதினால் அடுத்த பைட் வரும். நிலை ஓய்வுக்குத் திரும்பும் வரை இப்படியே தொடர வேண்டும். நெறிமுறையின்படி ஓய்வுக்குத் திரும்பும்போது பிஎம்சி ஒரு வெற்று பைட்டையும் வைக்க வேண்டும். ஆனால் சில வன்பொருள்கள் அதனை வைப்பதில்லை; அதற்காகக் காத்திருக்கும் இயக்கி அங்கேயே நின்றுவிடும். லினக்ஸ் இயக்கி இந்த ஓரிடத்தில் மட்டும் நெறிமுறையை எழுத்துக்கு எழுத்து பின்பற்றாமல், ஓய்வு நிலையைக் கண்டவுடன் பரிமாற்றம் முடிந்ததாகக் கொள்கிறது. நெறிமுறையை மீறியதாகக் குறை சொல்பவர்கள் இருக்கலாம். என் பார்வையில் அது களத்தை அறிந்தவர் எழுதிய நிரல்.

வந்த விடையின் முதல் பைட் 0எக்ஸ்1சி, இரண்டாவது 0எக்ஸ்01, மூன்றாவது முடிவுக் குறியீடு. முடிவுக் குறியீடு 0 எனில் வெற்றி. 0எக்ஸ்சி0 எனில் பிஎம்சி வேறு வேலையில் இருக்கிறது. 0எக்ஸ்சி1 எனில் அந்தக் கட்டளையை அது அறியாது. அதன் பின்னர் சாதன எண், நிலைபொருள் (ஃபர்ம்வேர்) பதிப்பு, நெறிமுறைப் பதிப்பு, தயாரிப்பாளர் எண் முதலியவை வரும். தயாரிப்பாளர் எண் மூன்று பைட் கொண்டது. சிறிய மதிப்புள்ள பைட் முதலில் வரும். 0எக்ஸ்57, 0எக்ஸ்01, 0எக்ஸ்00 என்று வந்தால் அது 343, அதாவது இன்டெல்.

இதையெல்லாம் கையால் செய்து பார்க்க விரும்புவோர் சோதனை இயந்திரத்தில் மட்டுமே செய்ய வேண்டும். அதற்கு முன் கெர்னலின் இயக்கியைக் கட்டாயம் இறக்கிவிட வேண்டும், ஏனெனில் ஒரே பதிவகத்தில் இருவர் எழுதினால் இருவரின் செய்தியும் குலையும். இயங்குதளம் உறைந்தால் இயந்திரத்தை மீள்தொடக்கும் கடிகாரமான ஐபிஎம்ஐ வாட்ச்டாக் இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதனை முறைப்படி நிறுத்துங்கள். நிறுத்தாமல் இயக்கியை மட்டும் பிடுங்கினால், கடிகாரம் தீர்ந்ததும் பிஎம்சி இயந்திரத்தையே மீள்தொடக்கம் செய்யக்கூடும். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் கெர்னல் பூட்டப்பட்டிருந்தால் போர்ட்டுகளை (பதிவக முகவரிகளை) நேரடியாகத் தொடும் அனுமதி முழு அதிகாரமுள்ள ரூட் பயனருக்கும் கிடைக்காது.

அன்றாடப் பணியில் கையால் எழுதத் தேவையில்லை. லினக்ஸில் இந்த வேலையை மூன்று மாட்யூல்கள் (கெர்னலில் ஏற்றக்கூடிய நிரல் துண்டுகள்) பகிர்ந்துகொள்கின்றன. ஐபிஎம்ஐ_எஸ்ஐ பதிவகங்களுடன் மேற்சொன்னவாறு பேசுகிறது. ஐபிஎம்ஐ_எம்எஸ்ஜிஹேண்ட்லர் செய்திகளை வரிசைப்படுத்தி, எந்த விடை எந்தக் கேள்விக்கு உரியது என்று சேர்க்கிறது. கேசிஎஸ் ரேஷன் கடைச் சாளரத்தைப் போல ஒரு நேரத்தில் ஒருவரையே ஏற்பதால் இந்த வரிசை இன்றியமையாதது. ஐபிஎம்ஐ_டெவ்இன்டிஎஃப் பயனர் நிரல்களுக்காக டெவ் கோப்பகத்தில் ஐபிஎம்ஐ0 என்ற கோப்பை உருவாக்குகிறது. ஐபிஎம்ஐடூல் கட்டளை அந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று சொன்னால், பத்தில் ஒன்பது முறை மூன்றாவது மாட்யூல் ஏற்றப்படாததே காரணமாக இருக்கும். மோட்புரோப் கட்டளை கொண்டு அதனை ஏற்றிவிட்டு, ஐபிஎம்ஐடூல் கட்டளையின் ரா என்னும் உட்கட்டளையில் 0எக்ஸ்06, 0எக்ஸ்01 என்று கொடுத்துப் பாருங்கள். இங்கே செயல்வகை எண்ணை நகர்த்தாமல் அப்படியே கொடுக்க வேண்டும். நகர்த்தும் வேலையைக் கீழ் அடுக்குகள் பார்த்துக்கொள்ளும்.

கோளாறை இடம் பிரித்துப் பார்ப்பது இப்போது எளிது. ஐபிஎம்ஐ0 கோப்பு இருந்து, ரா கட்டளைக்கு விடையும் வந்து, சென்சார் பட்டியல் மட்டும் வராமல் இருந்தால் இயக்கியைச் சந்தேகிக்க வேண்டாம். பிஎம்சியின் உள்ளே இயங்கும் மென்பொருளிடம்தான் சிக்கல். கோப்பு இல்லாமல், மாட்யூல்கள் அனைத்தும் ஏறியிருந்தால், கெர்னலின் செய்திப் பதிவைக் காட்டும் டிமெஸ்ஜி வெளியீட்டில் ஐபிஎம்ஐ_எஸ்ஐ எந்த முகவரியை எந்த வழியாக அறிந்து சோதித்தது என்பதைத் தேடிப் படியுங்கள். முகவரி தவறெனில் மாட்யூலை ஏற்றும்போதே வகை, போர்ட், பதிவகத் தொலைவு ஆகியவற்றைக் கைப்படக் கொடுக்க இயலும். முகவரி சரியாக இருந்தும் ஐபிஎஃப் இறங்கவே இல்லையெனில், எழுதிய பைட்டைப் பிஎம்சி எடுக்கவில்லை. அதன் மென்பொருள் தொங்கியிருக்கலாம், அல்லது அது இப்போதுதான் தொடங்கிக்கொண்டிருக்கலாம். லினக்ஸ் இயக்கி இப்படிப்பட்ட காத்திருப்புக்கு 5 விநாடி அவகாசம் தருகிறது. நிலை பிட்டுகள் 11 என்று காட்டினால், கட்டளைப் பதிவகத்தில் 0எக்ஸ்60ஐ எழுதிப் பிழைக் காரணத்தைக் கேட்கலாம்: விடை 0எக்ஸ்02 எனில் தவறான கட்டுப்பாட்டுக் குறி, 0எக்ஸ்06 எனில் நீளப் பிழை. மீள்தொடக்கத்தை நாடுவதற்கு முன் இந்த மதிப்புகளைக் குறித்து வைத்துக்கொண்டால், வன்பொருள் நிறுவனத்துக்குப் புகார் எழுதும்போது அவை பேருதவியாக இருக்கும்.

சர்வரில் கேஐபிஎம்ஐ0 என்ற கெர்னல் இழை செயலி நேரத்தை முழுமையாக விழுங்குவதுபோல் டாப் கட்டளை காட்டுவதுண்டு. இது கோளாறன்று. பல பலகைகளில் கேசிஎஸ் இடைமுகத்துக்குக் குறுக்கீட்டுக் கம்பி (பைட் தயார் என்று செயலிக்குத் தெரிவிக்கும் இணைப்பு) இணைக்கப்படுவதில்லை. ஆகவே இயக்கி நிலைப் பதிவகத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த இழை மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடுவதால் வேறு நிரல்களுக்கு இடைஞ்சல் நேர்வது அரிது. இருந்தும் மின்செலவு உறுத்தினால், கேஐபிஎம்ஐடி_மேக்ஸ்_பிஸி_யுஎஸ் என்ற மாட்யூல் அளவுருவைக் கொண்டு சுழற்சிக்கு வரம்பிடலாம். சென்சார் வாசிப்பு அதற்கேற்ப மெதுவாகும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, கேசிஎஸ் வழியாக வரும் கட்டளைக்குக் கடவுச்சொல் கிடையாது. சர்வரின் இயங்குதளத்தில் ரூட் அதிகாரம் பெற்ற ஒருவர், பிஎம்சியில் புதிய நிர்வாகிக் கணக்கொன்றை உருவாக்கிவிட்டு, பின்னர் வலைவழியாக அதன்மூலம் நுழைய முடியும். இயங்குதளத்தை அழித்து மறுபடி நிறுவினாலும் அந்தக் கணக்கு பிஎம்சியில் நிலைத்திருக்கும். எனவே சர்வரை வாடகைக்கு விடுவோர், ஒரு வாடிக்கையாளரிடமிருந்து இன்னொருவருக்கு அதனை மாற்றும்போது பிஎம்சியின் பயனர் பட்டியலையும் சரிபார்க்க வேண்டும். ஐபிஎம்ஐ0 கோப்பின் அனுமதியை ரூட்டுக்கு அப்பால் தளர்த்தாதீர்கள். கண்காணிப்பு நிரலுக்குச் சென்சார் விவரம் தேவையெனில், ரூட் அதிகாரத்துடன் இயங்கும் சிறு சேவையொன்று படித்துத் தரட்டும். உங்கள் பிஎம்சியின் அமைப்புகளில் உள்வழிக் கட்டளைகளைக் கட்டுப்படுத்தும் தேர்வு இருந்தால், சர்வரை ஒப்படைக்கும் முன்பே அதனை இயக்கிவிடுங்கள்.