சீசனுக்கு முந்தைய காட்சி ஆட்டத்தை எடை போடுவது எப்படி?

2009 நவம்பர் 3 அன்று, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் டிவிஷனில் ஆடும் சிரக்யூஸ் அணி, அதே நகரைச் சேர்ந்த, அப்போது இரண்டாம் டிவிஷனில் ஆடிய லெ மோயினிடம், சீசனுக்கு முந்தைய ஒரு காட்சி ஆட்டத்தில் தன் சொந்த அரங்கிலேயே 82–79 என்ற கணக்கில் தோற்றது. சீசனே போயிற்று என்று அன்றிரவு முடிவு கட்டியவர்கள், அதே அணி 30 வெற்றி, 5 தோல்வியுடன் சீசனை முடித்து, என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) நடத்தும் போட்டித்தொடரில் தன் பிரிவின் முதல்நிலை அணியாக இடம்பிடித்ததைப் பின்னர் பார்த்தார்கள். காட்சி ஆட்டத்தின் முடிவு அணியின் அதிகாரபூர்வக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே பயிற்சியாளர் வெல்வதற்காக மட்டுமன்றிச் சோதித்துப் பார்ப்பதற்காகவும் அதை ஆடுகிறார். நாமும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

முதலில், எதிரணி யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அது கீழ் டிவிஷன் அணியாக இருக்கும். அதன் உயரமான ஆட்டக்காரர் நம் அணியின் நடுத்தர உயரக்காரருக்கு இணையாக இருந்தாலே பெரிது. எனவே ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைப் பிடிப்பது), பிளாக் (எதிராளியின் எறிதலைத் தட்டிவிடுவது), கூடைக்கு அடியில் எடுத்த புள்ளிகள் ஆகிய மூன்றையும் பாதி மதிப்புக்கே எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தால் வந்த லாபம் சமபலமுள்ள அணிக்கு எதிரே கரைந்துவிடும். அதேபோல, மூன்று புள்ளி எறிதல்கள் ஒரே இரவில் சரமாரியாக விழுந்தாலும், ஒன்றுகூட விழாமல் போனாலும், அதிலிருந்து எதையும் முடிவு செய்யாதீர்கள்; இருபது இருபத்தைந்து எறிதல்கள் ஓர் அணியின் குறியைச் சொல்லப் போதாது. எறிதல் விழுந்ததா என்பதைவிட, எறிந்தவர் தடுப்பாளர் எட்டாத தூரத்தில் நிதானமாக நின்று எறிந்தாரா என்பதைக் குறித்துக்கொள்வது பயன் தரும்.

எதிரணியின் பலத்தைப் பெரிதும் சாராதவை சில உண்டு. ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் தடையற்ற எறிதலை, எறியும்போது எதிரில் யாரும் இல்லை. நெருக்குதலே இல்லாமல் பந்தைத் தவறவிடுவதும், தடுப்பு மாறும்போது ஒருவரை ஒருவர் கூப்பிட்டுச் சொல்லாமல் இருப்பதும், தாக்குதல் முடிந்ததும் தற்காப்புக்குத் திரும்பி ஓடாமல் இருப்பதும் நம் அணியின் சொந்தக் குறைகள். நாற்பது புள்ளி வித்தியாசத்தில் வென்ற ஆட்டத்திலும் இவை கண்ணில் பட்டால் கவலைப்படலாம்.

அடுத்த நாள் அந்த ஆட்டத்தின் புள்ளிவிவரப் பட்டியலைக் கையில் எடுத்து ஒரு சிறு கணக்குப் போடுங்கள். ஃப்ரீ த்ரோ நீங்கலான எறிதல்களிலிருந்து தாக்குதல் ரீபவுண்டுகளை (தன் எறிதல் தவறியபின் அணி தானே மீட்ட பந்துகள்) கழித்து, பந்து இழப்புகளைக் கூட்டி, ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.475 ஆல் பெருக்கிச் சேர்த்தால், அணிக்கு எத்தனை முறை தாக்கும் வாய்ப்பு கிடைத்தது என்பது ஏறக்குறையத் தெரியும். உதாரணமாக 60 எறிதல், 10 தாக்குதல் ரீபவுண்ட், 14 பந்து இழப்பு, 20 ஃப்ரீ த்ரோ என்றால், 73.5 வாய்ப்புகள், அதாவது ஐந்தில் ஏறத்தாழ ஒரு வாய்ப்பு எறியப்படாமலே வீணாகியிருக்கிறது. பலவீனமான எதிரணியிடம் இது அதிகம். வெறும் 14 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் ஆட்டத்தின் வேகம் மறைந்துபோகும். வேகமாக ஆடும் அணிக்கு 14 குறைவாகவும், மெதுவாக ஆடும் அணிக்கு அதிகமாகவும் இருக்கலாம்.

என் அனுபவத்தில், இந்த ஆட்டங்களிலிருந்து கிடைக்கும் மிக நம்பகமான செய்தி, யார் யாருடன் களத்தில் நின்றார்கள் என்பதே. ஆடவர் ஆட்டத்தில் 20 நிமிடம் கொண்ட ஒவ்வொரு பாதியிலும், 16, 12, 8, 4 நிமிடங்கள் மீதமிருக்கும்போது, அவற்றை ஒட்டி ஆட்டம் நிற்கும் முதல் தருணத்தில் ஒளிபரப்பு இடைவேளை வரும். அந்தந்த இடைவேளைக்கு முன் களத்தில் இருந்த ஐவரின் சட்டை எண்களை எழுதி வைத்தால், பயிற்சியாளரின் மனத்திலுள்ள வரிசை மெல்லத் தெரியத் தொடங்கும். பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து தாக்குதலை நடத்துபவர்) ஓய்வெடுக்கும்போது பந்தை யார் கொண்டுவருகிறார், வேறு கல்லூரியிலிருந்து வந்த புதியவர் எந்தக் கட்டத்தில் உள்ளே அனுப்பப்படுகிறார் என்பவற்றைக் கவனியுங்கள். இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் இறங்கும் ஐவர், முதல் பாதியைப் பார்த்த பின் பயிற்சியாளர் எடுத்த முடிவு. கடைசி ஐந்து நிமிடங்களில், வெற்றி உறுதியான பின் இறங்குபவர்களின் புள்ளிகளை மொத்தக் கணக்கிலிருந்து கழித்துவிடுங்கள்.

பயிற்சியாளர் வேண்டுமென்றே மறைப்பவையும் உண்டு. சிரக்யூஸ் தன் அடையாளமான 2–3 ஸோன் தடுப்பை (முன்னால் இருவர், பின்னால் மூவர் என ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் முறை) ஒதுக்கிவைத்து, ஆளுக்கு ஆள் தடுப்பைச் சோதித்த இரவில்தான் லெ மோயினிடம் தோற்றது. வழக்கமான தடுப்பையோ தாக்குதல் முறையையோ காணவில்லை என்றால், அது மறந்துபோனதன் விளைவு என்று எண்ண வேண்டாம். எதிரணிகளின் உதவிப் பயிற்சியாளர்களும் அந்தப் பதிவைப் பார்ப்பார்கள்.

இறுதியில், ஆட்டத்தைப் பார்த்து எழுந்த ஐயங்களில் மூன்றை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நவம்பர் தொடக்கத்தில் சீசன் தொடங்கியதும், முதல் நான்கு ஆட்டங்களுக்குப் பின் அந்தத் தாளை எடுத்து, எது நீடிக்கிறது, எது மறைந்தது என்று ஒவ்வொன்றின் எதிரிலும் குறியுங்கள்.