ப்ரொடக்ஷன் ரிப்போர்ட்டில் டெஸ்ட் டேட்டா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரிப்போர்ட் எரர் காட்டி நின்றுவிட்டால் பரவாயில்லை, யாராவது உடனே கவனித்துவிடுவார்கள். சோதனைக்கு வைத்திருக்கும் டெஸ்ட் டேட்டாபேஸிலிருந்து எண்களை எடுத்து, நிஜ வேலைக்கான ப்ரொடக்ஷன் ரிப்போர்ட் என்று சொல்லி ஒழுங்காக அச்சடித்துக் கொடுக்கிறதே, அதுதான் ஆபத்து. அந்த எண்களை நம்பி யாரோ முடிவெடுத்துவிடுவார்கள்.

பெரும்பாலும் இது தொடங்குவது கனெக்ஷனை, அதாவது எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ் என்ற விவரத்தை, ரிப்போர்ட் ஃபைலுக்குள்ளேயே வைப்பதில்தான். டெஸ்ட்டுக்கு ஒரு காப்பி, ப்ரொடக்ஷனுக்கு ஒரு காப்பி என்று வைத்துக்கொள்வார்கள், கொஞ்ச நாளில் இரண்டிலும் குவெரியே (டேட்டாபேஸிடம் டேட்டா கேட்கும் கட்டளை) வேறு வேறாகிவிடும், கடைசித் திருத்தம் எதில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ரிப்போர்ட் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அதற்கு 'சேல்ஸ்' என்று ஒரு பெயர் தெரிந்தால் போதும், அது எந்த சர்வர் என்பதை அந்தந்தச் சூழல் (உருவாக்கும் இடமான டெவ், டெஸ்ட், ப்ரொடக்ஷன்) பார்த்துக்கொள்ளட்டும். ரிப்போர்ட் தயாரிக்கும் டூல்களில், எஸ்எஸ்ஆர்எஸ்ஸில் (மைக்ரோசாஃப்ட்டின் எஸ்க்யூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸ்) ஷேர்டு டேட்டா சோர்ஸ், ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸில் ஜேஎன்டிஐ பெயர் (சர்வரில் பதிந்துவைத்த கனெக்ஷனின் பெயர்), பவர் பிஐயில் பாராமீட்டர் எல்லாம் இருப்பது இதற்காகத்தான். தயவுசெய்து 'சேல்ஸ்_டெஸ்ட்' என்று பெயர் வைக்காதீர்கள்.

எஸ்எஸ்ஆர்எஸ் ப்ராஜெக்டில் 'ஓவர்ரைட் டேட்டா சோர்சஸ்' என்று ஒரு செட்டிங் உண்டு. வழக்கமாக அது ஃபால்ஸ்தான், அப்படியே விட்டுவிடுங்கள். அதை ட்ரூ ஆக்கி ப்ரொடக்ஷனுக்கு டிப்ளாய் செய்தால் (அங்கே ஏற்றினால்), அங்கே சரியாக அமைத்திருந்த கனெக்ஷன் மேல் உங்கள் டெவ் கனெக்ஷன் போய் உட்கார்ந்துவிடும்.

கனெக்ஷன் சரியாக இருந்தும் தப்பான டேட்டா வருகிறதா? குவெரியைத் திறந்து பாருங்கள். 'சேல்ஸ்_டெவ்.டிபிஓ.ஆர்டர்ஸ்' என்று டேட்டாபேஸ் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தால், கனெக்ஷனை எங்கே திருப்பினாலும் அந்த வரி டெவ்வுக்குத்தான் போகும். அந்தப் பெயரில் டேட்டாபேஸ் இல்லாத சர்வராக இருந்தால் எரர் வரும், தப்பித்தீர்கள். டெவ்வும் டெஸ்ட்டும் ஒரே சர்வரில் இருந்து, இரண்டிலும் உங்களுக்கு அனுமதியும் இருந்தால் சத்தமே இல்லாமல் ஓடிவிடும், டெஸ்ட்டில் எல்லாம் பாஸ் என்று நீங்களும் நினைத்துக்கொள்வீர்கள். குவெரியில் இல்லையென்றால் டேட்டாபேஸுக்குள்ளேயே சேமித்து வைத்த குவெரிகளான வியூவிலும் ஸ்டோர்டு ப்ரொசீஜரிலும் தேடுங்கள், அங்கேதான் இது வருஷக்கணக்கில் ஒளிந்திருக்கும். வேறு டேட்டாபேஸைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு சூழலிலும் ஒரே பெயரில் சினானிம் (அந்த டேபிளுக்கு ஒரு மாற்றுப்பெயர்) வைத்துக்கொள்ளலாம். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் பயன்படுத்துபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அது சர்வர், டேட்டாபேஸ் விவரங்களை ரிப்போர்ட்டுக்குள் டேபிள் வாரியாக வைத்துக்கொள்கிறது. ப்ரோக்ராம் கோடு எழுதி மாற்றும்போது மெயின் ரிப்போர்ட்டை மட்டும் மாற்றிவிட்டு அதற்குள் இருக்கும் சப்ரிப்போர்ட்டை மறந்தால், அது பழைய சர்வரையே கேட்டுக்கொண்டிருக்கும்.

பவர் பிஐயில் இம்போர்ட் முறை (டேட்டாவை நகலெடுத்து வைத்துக்கொள்வது) என்றால் பாராமீட்டரை மாற்றியதோடு வேலை முடியவில்லை, ரிஃப்ரெஷ் ஆகும்வரை திரையில் தெரிவது பழைய டேட்டாதான். ஒரு சூழலிலிருந்து அடுத்ததற்கு ஏற்றும் டிப்ளாய்மென்ட் பைப்லைனில் கனெக்ஷனை மாற்ற ரூல் போட்டாலும், மறுபடி டிப்ளாய் செய்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும்.

எல்லாச் சூழலுக்கும் ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள். ரிப்போர்ட்டுக்குப் படிக்க மட்டும் உரிமை உள்ள யூசர் போதும், அதுவும் சூழலுக்கு ஒன்று. டெஸ்ட் யூசரால் ப்ரொடக்ஷனுக்குள் நுழையவே முடியாது, ப்ரொடக்ஷன் யூசரால் டெஸ்ட்டுக்குள் நுழைய முடியாது என்று இருந்தால், கனெக்ஷன் மாறிப்போகும்போது தப்பான எண்ணுக்குப் பதில் எரர் வரும். நமக்கு வேண்டியதும் அதுதானே.

அப்புறம், ப்ரொடக்ஷன் ரிப்போர்ட் சர்வரின் டேட்டாபேஸை டெஸ்ட்டுக்கு ரீஸ்டோர் செய்கிறவர்கள் சப்ஸ்கிரிப்ஷன்களை (ரிப்போர்ட்டைத் தானாக மெயிலில் அனுப்பும் ஏற்பாடுகள்) முதலில் நிறுத்துங்கள். அவையும் கூடவே வரும், மெயில் நிஜமான ஆட்களுக்கே போகும்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் சர்வர் பெயரும் டேட்டாபேஸ் பெயரும் சின்ன எழுத்தில் தெரியட்டும். செட்டிங்கிலிருந்து எடுத்துப் போடாதீர்கள், குவெரி மூலம் டேட்டாபேஸிடமே கேட்டு வாங்குங்கள். ஒரு ரிப்போர்ட்டில் இரண்டு டேட்டா சோர்ஸ் இருந்தால் இரண்டிடமும் கேட்க வேண்டும்.