பழைய ரிப்பீட்டர், நாட்காட்டி பொக்கற் மணிக்கூடுகள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணி அடிக்கும், நிலா காட்டும் பழைய பொக்கற் மணிக்கூடுகளில் விலையைத் தீர்மானிக்கும் பொறி பெரும்பாலும் டயலுக்குக் கீழேதான் இருக்கும். பின்மூடியைத் திறந்து, மினுங்குவதைப் பார்த்துக் காசு கொடுப்பதுதான் முதல் தவறு. அந்தப் பொறியை வேலை செய்ய வைத்துப் பார்க்காமல் விலை பேசவே வேண்டாம்.

ஸ்லைடைத் தள்ளினால் அப்போதைய நேரத்தை நிமிடம் வரை மணி அடித்துச் சொல்வது மினிட் ரிப்பீட்டர். அதை ஏதோ ஒரு நேரத்தில் ஒருமுறை அடித்துக் காட்டினால் போதாது. முள்ளை 12:59இல் வைக்கச் சொல்லுங்கள். மணிக்குத் தாழ்ந்த ஒலி 12, கால்மணிக்கு இரட்டை ஒலி 3, மீதி நிமிடங்களுக்கு உயர்ந்த ஒலி 14 வர வேண்டும். அது அடிக்கக்கூடிய மிக நீண்ட வரிசை இதுதான். கடைசி அடிகள் இழுபட்டால் எண்ணெய் இறுகியிருக்கும், அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அடுத்து 2:00. இரண்டு அடியோடு நிற்காமல் 14 நிமிட அடியும் சேர்ந்து வந்தால், மணி மாறும் கணத்தைக் கவனிக்கும் பாகம் தேய்ந்துவிட்டது.

ஓரத்து ஸ்லைடை அது நிற்கும்வரை முழுதாகத் தள்ளி விடுங்கள். பாதியில் விட்டால், பாதுகாப்புப் பாகம் உள்ள ரிப்பீட்டர் அடிக்காமலே இருக்கும். அது இல்லாத பழையவை பிழையாக அடிக்கும். மணி அடிக்கும்போது முள்ளைத் திருப்பவே கூடாது. எத்தனை அடி என்று தீர்மானிக்கும் நத்தை வடிவத் தட்டின் படியில் பற்சட்டத்தின் நுனி அமர்ந்திருக்கும் நேரம் அது. திருப்பினால் நுனி வளையும் அல்லது உடையும். அதற்கு மாற்றுப் பாகம் கடையில் கிடைக்காது, கையால்தான் செய்ய வேண்டும்.

தேதி, கிழமை, மாதம், நிலா நான்கும் இருந்தாலே, மாத நாட்களின் எண்ணிக்கையைத் தானே கணக்கிடும் நிரந்தர நாட்காட்டி என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலானவை சாதாரண நாட்காட்டிகள். ஏப்ரல் 30இல் வைத்து, முள்ளை முன்னோக்கி மட்டும் சுற்றி நள்ளிரவைத் தாண்டச் சொல்லுங்கள். 31 வந்தால் அது நிரந்தர நாட்காட்டி அல்ல, அந்த விலையும் கொடுக்க வேண்டாம். இரவு 9 முதல் அதிகாலை 3 வரை முள் நிற்கும்போது நாட்காட்டியைத் திருத்தும் குழிப் பொத்தான்களை அழுத்தினால் பற்கள் உடையலாம். அழுத்துவதற்கு ஊசி வேண்டாம், கூராக்கிய மரக்குச்சி போதும்.

கொழும்பின் நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவில் உரைத்துப் பார்க்கக் கொடுக்காதீர்கள். தங்கமும் அதன் தர முத்திரையும் தேயும். 10 மடங்கு லென்ஸால் முத்திரையை வாசியுங்கள்: 1880 சட்டத்துக்குப் பிந்திய சுவிஸ் கூடுகளில் 18 காரட்டுக்கு ஹெல்வெட்டியா பெண்தலை, 14 காரட்டுக்கு அணில். உள்மூடி பல வேளைகளில் முலாம் பூசிய பித்தளைதான், அதையும் தங்கக் கணக்கில் நிறுக்க விடாதீர்கள். கூட்டின் உள்விளிம்பில் தேவையற்ற திருகாணித் தழும்பு இருந்தால், பொறி வேறு கூட்டிலிருந்து வந்திருக்கலாம்.

கொழும்பின் ஈரமும் உப்புக்காற்றும் நீல எஃகு முட்களில் சீக்கிரம் கறள் பிடிக்க வைக்கும். தோல் உறையிலோ பிளாஸ்டிக் பையிலோ வைக்காதீர்கள். காற்றுப் புகாத பெட்டி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல், சிறு ஈரப்பதமானி மூன்றும் வாங்குங்கள். அளவி 50 சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள்.