வாத்தின் அலகு உரியும்போது

கடலூர்ப் பக்கம் கொல்லையில் இரண்டு மூன்று வாத்துகளை வளர்ப்பவர்கள், அலகின்மேல் மெல்லிய தோல் செதில் செதிலாக எழும்புவதைக் கண்டால் புண் வந்துவிட்டதென்று அஞ்சுவதுண்டு. அலகை மூடியிருப்பது நம் நகத்தைப் போன்ற கெரட்டின் உறை. அது தேயத் தேய அடியில் புதிய உறை வளர்ந்து பழையதைத் தள்ளுகிறது. உரிந்த இடத்தின் அடிப்பகுதி வழவழப்பாகவும் உறுதியாகவும் இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அந்தத் தோலைக் கையால் பிய்க்கக் கூடாது. தலை முழுவதும் அமிழும் ஆழத்தில் நல்ல தண்ணீர் வைத்தால் தானே உதிரும்.

பெரும்பாலும் முட்டையிடும் பருவம் ஓய்ந்து இறகு உதிரும் நாட்களில்தான் அலகு உரிவதும் கண்ணில் படுகிறது. அப்போது சிறகின் பெரிய இறகுகள் ஒருசேர விழுந்து, மூன்று நான்கு வாரங்களில் மீண்டும் முளைக்கும். ஆண் வாத்தின் வாலில் சுருண்டிருக்கும் இறகும் உதிர்ந்துவிடுவதால், பெட்டையைத்தான் ஏமாந்து வாங்கிவிட்டோமோ என்று குழம்புவோர் உண்டு. குரலைக் கேட்டால் போதும், உரக்கக் கத்துவது பெட்டை, கரகரப்பது ஆண். புதிதாக முளைக்கும் குருத்திறகில் இரத்தம் ஓடுவதால், அந்நாட்களில் வாத்தைச் சிறகைப் பிடித்துத் தூக்குவது கொடுமை.

இறகு பெரும்பாலும் புரதத்தாலானது. ஆகவே வெறும் தவிட்டையும் சோற்றையும் நம்பாமல், வாத்துத் தீவனத்தோடு நத்தை, கருவாட்டுத் தூள், நீரில் மிதந்து வளரும் அசோலாப் பெரணி ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடலைப் புண்ணாக்கில் மட்டும் மிகுந்த கவனம் தேவை: ஐப்பசி, கார்த்திகை மழையில் அது எளிதில் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையின் அஃப்ளடாக்சின் நஞ்சுக்கு, கோழியைவிட வாத்து வெகு விரைவில் பலியாகும். சிறிது வாடை மாறியிருந்தாலும் கொட்டிவிடுங்கள்.

பெக்கின் என்னும் வெள்ளை வாத்தினத்தின் பெட்டைகள் தொடர்ந்து முட்டையிடும்போது அலகின் மஞ்சள் வெளுப்பதும் இயல்பே. அந்த நிறமி மஞ்சள் கருவுக்குப் போய்விடுகிறது. ஆனால் அலகு நீலம் பாய்ந்தாலோ, மென்மையாகி வளைந்தாலோ, குழி விழுந்து இரத்தம் கசிந்தாலோ, வாத்து இரை எடுக்காமல் ஒதுங்கி நின்றாலோ, எண்ணெய், மஞ்சள் என்று வீட்டில் தடவிப் பார்த்துக் காலம் கடத்தாமல், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ, புதுச்சேரியில் இருப்பவர்கள் குரும்பாப்பேட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அன்றே கொண்டு செல்ல வேண்டும்.