மூக்கு வழியே மூளைக்கு மருந்து: சுண்டெலிக்குச் சொட்டுவிடும் முறை

இரத்தத்திலிருந்து பல பொருள்கள் மூளைக்குள் புகாமல் காக்கும் இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்ட இயலாத நரம்பு வளர்ச்சிப் புரதங்களை மூக்கின் வழியே மூளைக்குள் சேர்க்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஃப்ரே 1989இல் முன்வைத்தார். நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்ற ஆய்வகத்தில், முதலில் சுண்டெலியைச் சில வாரங்கள் கையில் எடுத்துப் பழக்க வேண்டும். மிரண்ட எலி திமிறினால் மருந்து சிந்திவிடும், அதற்கும் வீண் துன்பம்.

பிறகு அதை மல்லாத்தி, கழுத்து தரைக்கு இணையாக இருக்கும்படி பிடித்துக்கொண்டு, பிப்பெட் என்னும் நுண்ணளவுச் சொட்டுக்குழாயின் முனையில் திரளும் 6 மைக்ரோலிட்டர் சொட்டை நாசித்துளையருகே கொண்டுசென்றால், எலியே மூச்சோடு உள்ளிழுத்துக்கொள்ளும். துளைகளை மாற்றி மாற்றி, இடைவெளி விட்டு, மொத்தம் 24 மைக்ரோலிட்டர் போதும். பிடி தவறினால் மருந்து தொண்டைக்கும் நுரையீரலுக்கும் போய்விடும் என்பதால், பிடிதான் இம்முறையின் உயிர் என்பேன்.

மருந்தால் புதிய நரம்பணுக்கள் பிறந்தனவா என்பதை, பகுபடும் உயிரணுக்களின் டி.என்.ஏ.வில் சேரும் பிஆர்டியூ என்னும் குறிப்பானைச் செலுத்தி, நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் மெல்லிய சீவல்களில் எண்ணிப் பார்க்க வேண்டும்.